டெல்டாவுல வீட்டுக்கு போர் எத்தனை அடி போடணும்?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடுறேன். திருத்துறைப்பூண்டிக்கு வடக்க ஆலத்தம்பாடி பக்கம் 40க்கு 60 மனை, வயலை மண்ணடிச்சு மேடாக்குன இடம், வீடு கட்டப் போறீங்க. பக்கத்து வீட்டுல 70 அடியில குடிக்கிற மாதிரி தண்ணி வருது, எதிர்த்த வீட்டுல 180 அடி போட்டு வாயில வெக்க முடியாத உப்பு. போர்காரர் 350 அடி போனா நல்ல தண்ணிக்கு கேரண்டிங்கிறார், உங்க மாமா தேங்காய் வெச்சுப் பாத்துட்டு 110 அடியில ஊத்து இருக்குங்கிறார். "எத்தனை அடி போடட்டும்?"னு கேட்டிருக்கீங்க. அந்தக் கேள்விக்கு நேரடியா ஒரு நம்பர் சொல்றவர் யாரா இருந்தாலும் நம்பாதீங்க, நானே சொன்னாலும் நம்பாதீங்க. நம்ம ஊர்ல போர் போட்டா தண்ணி வருமா வராதாங்கிற கவலையே கிடையாது, கரூர் திண்டுக்கல் பக்கம் பாறையில போடுறவங்களுக்குத்தான் அந்தக் கவலை. இங்க எங்க குத்துனாலும் தண்ணி வரும். எந்த மணலைத் திறந்து விடுறோம், எந்த மணலை அடைச்சு மூடுறோம், அதுலதான் நல்லது கெட்டது எல்லாம் இருக்கு. உங்க கேள்வியை நான் அப்படித்தான் எடுத்துக்குறேன்.

நான் நிலவியல் படிச்சுட்டு இந்த டெல்டா பக்கமே குழாய் கிணறு வேலைகள்ல ரொம்ப வருஷமா இருக்கிறவன், மண் சாம்பிள் பாக்குறது, லாகிங் (ஓட்டைக்குள்ள கருவி இறக்கி அளக்கிறது) தாளைப் படிச்சு பைப் எங்க எங்க வைக்கணும்னு சொல்றது இதுதான் பொழப்பு. ஆனா உங்க மனைக்கு அடியில என்ன இருக்குன்னு ஓட்டை போடாம என்னால சொல்ல முடியாது. பொதுவா உறுதியா சொல்லக்கூடியது எது, ஊகம் எதுன்னு பிரிச்சே எழுதுறேன்.

திருச்சியில மலைக்கோட்டைப் பாறை வெளிய தெரியுது இல்லையா, அந்த மாதிரி கெட்டிப் பாறை கிழக்க வர வர ஆழமா இறங்கிப் போயிடுது. தஞ்சாவூர்ல வல்லம் பக்கம் போனா செம்மண், செம்புராங்கல் பாக்கலாம், அதுக்குக் கீழ இருக்கிறது கடலூர் மணற்பாறைன்னு நாங்க சொல்ற பழைய அடுக்கு. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமும் அது மேலயே கிடக்கும், கிழக்க வர வர அதுவும் காவேரி கொண்டு வந்து கொட்டுன வண்டலுக்கு அடியில போயிடும். கல்லணை பக்கத்துல வண்டல் மெலிசு, கடல் பக்கம் வர வர தடிப்பு. இந்த வண்டல்ங்கிறது ஒரே மாதிரியா படிஞ்சது இல்ல, ஆறு காலங்காலமா இடம் மாறி மாறி ஓடியிருக்கு, ஓடுன இடத்துல மணல், வெள்ளம் பரந்து நின்ன இடத்துல களி, கழிமுகமும் அலையாத்திக் காடுமா இருந்த இடத்துல கருப்புச் சேறும் சிப்பியும். பழைய ஆத்துப் பாதை ஒண்ணு உங்க கொல்லைக்கு அடியில போயிருக்கலாம், எதிர்த்த வீட்டுக்கு அடியில போகாம இருந்திருக்கலாம். இது வரைக்கும் சந்தேகமில்லாத விஷயம்.

உப்பு எங்கேருந்து வருதுன்னு எல்லாரும் கேப்பாங்க, உடனே கடல் தண்ணி உள்ள வந்துடுச்சுன்னு சொல்லிடுவாங்க. கடலோரமா, அதிகமா பம்ப் பண்ற இடத்துல அது உண்மைதான். ஆனா உங்க ஊர் மாதிரி உள்தள்ளி இருக்கிற இடங்கள்ல கிடைக்கிற உப்பு நிறைய இடத்துல இன்னைக்கு வந்த உப்பே இல்ல. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட கொஞ்சம் உயரமா இருந்தப்ப கடலும் உப்பங்கழியும் இன்னும் உள்ள வரைக்கும் இருந்துச்சு, அப்ப படிஞ்ச களியிலயும் அதுக்கு நடுவுல இருக்கிற மணல்லயும் அந்தத் தண்ணி இன்னும் மாட்டிக்கிட்டு நிக்குது. மேலயும் கீழயும் களி இருக்கிறதால மழைத் தண்ணி அதைக் கழுவி வெளியேத்தல. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, முத்துப்பேட்டை, வேதாரண்யம் இந்தப் பக்கம் பூரா நிலமே கடல் மட்டத்துக்கு சில மீட்டர் உயரத்துலதான் இருக்கு. வேதாரண்யத்துக்குக் குடிக்கிற தண்ணி எங்கேயோ இருக்கிற கொள்ளிடத்துலேருந்து பைப்புல வருதுன்னா காரணம் இல்லாம இல்ல.

அதே வேதாரண்யம் கோடியக்கரை பக்கம் மணல்மேட்டுல கையால பள்ளம் தோண்டினா 10, 15 அடியில இனிப்புத் தண்ணி வரும், அதையும் சொல்லணும். மழைத் தண்ணி மணல்ல இறங்கி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் உயரம் நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. இதுல மறுபக்கத்தையும் யோசிங்க, ஓவரா இறைச்சு மேல 1 அடி இறங்கினா கீழேருந்து உப்பு 40 அடி ஏறும். அதனாலதான் அந்த மாதிரி இடத்துல ஆழமா போறவங்க கெடுத்துக்கிறாங்க. 2004 சுனாமியில நாகப்பட்டினம் கரையோரம் மேல் கிணறுகள் நிறைய உப்பாச்சு, மழையும் இறைப்பும் சேர்ந்துதான் பல கிணறுகளைத் திரும்ப மீட்டுக் குடுத்துச்சு. உங்க இடம் மணல்மேடு இல்ல, வயக்காடு, மேல களி, அதனால அந்தக் கணக்கை அப்படியே உங்க மனைக்குப் போட முடியாது, ஆனா ஆழம்னா நல்லதுங்கிற எண்ணம் தப்புன்னு காட்டத்தான் சொல்றேன்.

இப்ப உங்க பக்கத்து வீட்டு 70 அடியும் எதிர்த்த வீட்டு 180 அடியும். ஒரு சாத்தியம், 70 அடியில பழைய ஆத்து மணல் ஒண்ணு இருக்கு, வாய்க்கா தண்ணியும் மழையும் அதுக்கு இறங்குது, 180 அடியில இருக்கிறது பழைய உப்பு மணல். இன்னொரு சாத்தியம் உண்டு, அதைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்: 180 அடியில இருக்கிற மணல் நல்லாவே இருக்கு, ஆனா நடுவுல 120லயோ 140லயோ ஒரு உப்பு மணல் இருக்கு, போர் போட்டவர் அதை அடைக்கவே இல்ல, உப்பு பைப்புக்கு வெளியவே இறங்கி ஃபில்டருக்குள்ள (தண்ணி உள்ள வர்றதுக்குக் கீறல் விட்ட பைப்) வருது. அவங்க போர் போட்டப்ப மண் சாம்பிள் எடுத்தாங்களா, ஃபில்டர் பைப் எந்த அடியிலேருந்து எந்த அடி வரைக்கும்னு எழுதி வெச்சாங்களான்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் "அதெல்லாம் தெரியாதுப்பா, 180 அடி போட்டோம்"னுதான் பதில் வரும். இந்த ரெண்டுல எதுன்னு அந்தத் தகவல் இல்லாம சொல்றது வெறும் ஊகம்.

போர்காரர் சொல்ற 350 அடி கேரண்டி பத்தி. அவர் பொய் சொல்றார்னு சொல்ல மாட்டேன். மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு பக்கமெல்லாம் வண்டலுக்குக் கீழ போய் மணற்பாறை அடுக்கைத் தொட்டா அருமையான தண்ணி கிடைக்கிற இடம் நிறைய இருக்கு, அவர் அங்கயும் போட்டிருப்பார். களி மேல மூடி இருக்கிறதால அந்தத் தண்ணி அழுத்தத்துல நிக்கும், பைப் இறக்கினதும் தானாவே மேல ஏறி வரும், சில இடத்துல முன்னாடியெல்லாம் மோட்டாரே இல்லாம வழிஞ்சு ஓடியிருக்கு. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு அடியில இருக்கிற தண்ணி அழுத்தத்தைக் குறைக்க ராத்திரி பகலா பம்ப் பண்ணிக்கிட்டே இருக்காங்களே, அதுவும் இதே கடலூர் மணற்பாறைக் குடும்பம்தான். அதனால உப்புக்குக் கீழ நல்ல தண்ணி இருக்கிறது நடக்கக்கூடிய விஷயம். ஆனா அந்த அடுக்கு உங்க ஊர்ல எத்தனை அடியில வருது, அங்க இருக்கிறது இனிப்பா உப்பாங்கிறது மன்னார்குடியை வெச்சு சொல்ல முடியாது, கிழக்கயும் தெக்கயும் போகப் போக ஆழம் கூடும், கடலும் நெருங்கும். கேரண்டிங்கிறவர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 350 போய் உப்பு வந்தா காசை திருப்பித் தருவீங்களான்னு. அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவர் ஆழமா போகச் சொல்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

மாமா மனசு கோணாம சொல்றேன், தேங்காய், வேப்பங்குச்சி, செம்புக் கம்பி இதெல்லாம் டெல்டாவுல எப்பவும் ஜெயிக்கும், ஏன்னா 110 அடிக்குள்ள எங்கயாவது ஒரு மணல் இல்லாம இருக்கிறது இங்க அபூர்வம். ஆனா அந்த மணல்ல இருக்கிற தண்ணி உப்பா இல்லையான்னு தேங்காய் சொல்லாது. இதை விட மோசம் இப்ப கையில பொட்டி மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மனைக்குள்ள நாலு தடவை நடந்துட்டு 280 அடியில ரெண்டரை இஞ்ச் தண்ணின்னு பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறாங்களே, அது. முறையான மின்தடை சர்வேன்னா (மண்ணுக்குள்ள மின்சாரம் விட்டு அதை மண் எவ்வளவு தடுக்குதுன்னு அளக்கிறது) நாலு கம்பியை நேர்கோட்டுல நட்டு, ரெண்டை விலக்கிக்கிட்டே போய்ப் பாக்கணும், 300 அடி ஆழம் பாக்கணும்னா அந்தக் கோடு மொத்தமா ஆயிரம் அடி கிட்ட நீளணும். உங்க மனை 60 அடி. பக்கத்து வயல்ல அறுப்பு முடிஞ்சு காலியா இருக்கிறப்ப செஞ்சா செய்யலாம், வேளாண் பொறியியல் துறையில விவசாயிகளுக்கு இந்த சர்வே செஞ்சு குடுக்கிறாங்க, தனியாரும் செய்றாங்க. அதுலயும் ஒரு சிக்கல், களியும் மின்சாரத்தை நல்லா கடத்தும், உப்பு மணலும் கடத்தும், மேலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். மேல இருக்கிற நல்ல தண்ணி எந்த ஆழத்தோட முடியுதுன்னு ஓரளவு சொல்லும், அதுக்குக் கீழ இருக்கிற மெலிசான நல்ல மணலை அது காட்டாமலே விட்டுடும்.

போர்காரரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு எவ்வளவு தண்ணி தேவைன்னு யோசிங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது நகரத்துக்கு வெச்சிருக்கிற கணக்கு, 5 பேர்னா 675 லிட்டர், செடி கொடிக்கும் சேர்த்து 1000ன்னு வெச்சுக்கோங்க. இது ஒண்ணுமே இல்ல. குறுவை நாத்தங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய் கிணறு) போட்டு இறைக்கிறவருக்கு சில நிமிஷத் தண்ணி. அதனால உங்களுக்குப் பெரிய மணல், பெரிய ஆழம் எதுவும் வேண்டாம், 10 அடி தடிப்புல நல்ல தண்ணி மணல் ஒண்ணு கிடைச்சாலே போதும். பக்கத்து வீட்டு 70 அடி மணல் உங்க மனைக்கும் வருதான்னு பாக்கிறதுதான் முதல் வேலைன்னு நான் நினைக்கிறேன். மேல் மணலுக்கு இருக்கிற ஆபத்து வேற: செப்டிக் டேங்க், மாட்டுக் கொட்டகை, வயல் உரம். ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர்ல தண்ணி மட்டம் தரைக்கு வந்துடும், கக்கூஸ் குழியும் கிணறும் ஒரே தண்ணியில நிக்கும். கழிவுக்குழிக்கும் போருக்கும் குறைஞ்சது 50, 60 அடி இருக்கணும், 60 அடி மனையில அது கஷ்டம்தான், அதனால மேல் 30, 40 அடியை நல்லா அடைச்சு விடுறது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

எப்படிப் போடுறதுங்கிறது அடுத்தது. பாறைக்குப் போடுற கம்ப்ரசர் வண்டி, அந்த சுத்தியல் அடிச்சுக்கிட்டே போறது, இங்க வேலைக்கு ஆகாது, மணல் சரிஞ்சு மூடிடும். மூணு கால் நட்டு ஆளுங்களே பைப்பை ஏத்தி இறக்கிப் போடுற கை போர் மேல் மணலுக்கு போதும், செலவும் குறைவு. அதுக்கு மேல போறதுன்னா ரோட்டரி, சேத்துத் தண்ணியைச் சுத்த விட்டு ஓட்டை சரியாம நிறுத்தி வெச்சுப் போடுறது. ரோட்டரிக்கு குழியில கரைக்கிற தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும், வேற வழியில்லாம உப்பு வாய்க்கா தண்ணியை ஊத்தி விட்டா பின்னாடி லாகிங் எடுக்கிறப்ப எல்லாம் குழம்பும். இன்னொண்ணு, போட்டுக்கிட்டு இருக்கிறப்ப போர்காரர் வழிஞ்சு வர்ற தண்ணியை வாயில வெச்சுப் பாத்து "இங்க நல்ல தண்ணி சார்"ம்பார். அவர் ருசி பாக்கிறது நீங்க டேங்கர்ல வாங்கி குழியில ஊத்துன தண்ணியை. அடியில இருக்கிற தண்ணியோட ருசி அப்ப யாருக்கும் தெரியாது.

அதனால முதல்ல சின்ன ஓட்டையா சோதனைக்குப் போடச் சொல்லுங்க, 4 அல்லது 5 இஞ்சுல. ஒவ்வொரு 10 அடிக்கும், மண்ணு மாறுறப்பல்லாம் கூடவும், சாம்பிள் எடுத்து வரிசையா ஒரு தார்பாய்ல வெச்சு அடி எழுதி வையுங்க, உங்க அப்பாவை நாற்காலி போட்டு உக்கார வையுங்க, அவர் ஒருத்தர் உக்காந்திருந்தாலே பாதி வேலை ஒழுங்கா நடக்கும். ஆழத்துலேருந்து மண்ணு மேல வர்றதுக்கு நேரம் பிடிக்கும்ங்கிறதால சாம்பிள்ல அடி முன்னப்பின்ன இருக்கும், சேத்துல களி கரைஞ்சு போயிடுறதால மணல் இருக்கிறதை விட சுத்தமா தெரியும். ஓட்டுறவர் சொல்றதையும் குறிச்சுக்கோங்க, நல்ல ஓட்டுநருக்கு ராடு உதறுறதை வெச்சே மணலா களியான்னு தெரியும், இதுல நான் அவங்களை முழுசா மதிக்கிறேன். பெருமணல், குருத்து மணல் (பொடி மணல்), களி, சுக்கான் (சுண்ணாம்புக் கல்), கருப்புச் சேறு, சிப்பி எந்தெந்த அடின்னு எழுதுங்க. சிப்பியும் அழுகல் வாடை அடிக்கிற கருப்புக் களியும் வந்தா அதுக்குப் பக்கத்து மணல் மேல சந்தேகம் வையுங்க.

சாம்பிள் மணலைக் காட்டும், தண்ணியைக் காட்டாது. அதுக்குத்தான் லாகிங். ஓட்டை முடிஞ்சதும் பைப் இறக்குறதுக்கு முன்னாடி, சேறு நிக்கிறப்பவே ஒரு கருவியைக் கயித்துல கட்டி இறக்கி மின்தடையைக் கீழேருந்து மேல வரைக்கும் அளக்கிறது. தோராயமா சொன்னா நல்ல தண்ணி இருக்கிற மணல்னா 20, 30 ஓம் மீட்டர், அதுக்கு மேலயும் காட்டும், களி 10க்குக் கீழ வரும், உப்பு மணல் 5க்கும் கீழ போயிடும். மேலேருந்து பாக்கிறப்ப குழப்புற களியையும் உப்பு மணலையும் இங்க சாம்பிளோட சேத்து வெச்சுப் பிரிச்சுடலாம்: சாம்பிள்ல பெருமணல், லாகிங்ல 3 காட்டுதுன்னா அது உப்பு, பேச்சே இல்ல. இந்த எல்லைகள் இடத்துக்கு இடம் மாறும், நடுவுல விழுற மணலுக்கு நானே சரியா சொல்ல முடியாம "வேணா ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாம்"னுதான் சொல்வேன். லாகிங் காரரை அன்னைக்கே வர மாதிரி முன்னாடியே பேசி வையுங்க, ஓட்டையை ராத்திரி பூரா திறந்து போட்டா சரிஞ்சாலும் சரிஞ்சிடும். பெரிய குடிநீர்த் திட்டத்துக்கெல்லாம் இது இல்லாம பைப் இறக்க மாட்டாங்க, வீட்டு போர்ல மட்டும்தான் இதை வீண் செலவுன்னு சொல்லி விட்டுடுறாங்க. ஆழத்துக்குப் போடுற காசுல 50 அடியைக் குறைச்சுக்கிட்டு இதுக்குக் குடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

லாகிங் பாத்த பிறகு ஓட்டையைப் பெருசாக்கி பைப் இறக்கணும். 5 இஞ்ச் பைப்னா ஓட்டை 9, 10 இஞ்சாவது இருக்கணும், சுத்தியும் கூழாங்கல் போட இடம் வேணும். ஃபில்டர் பைப் நல்ல மணலுக்கு நேரா மட்டும், மத்ததெல்லாம் மூடுன பைப், அடியில மூடி. இங்க வரைக்கும் எல்லாரும் ஓரளவு சரியா செய்வாங்க. இதுக்கு அப்புறம்தான் கெடுக்கிறது. லாரியில வந்த கூழாங்கல்லை அடியிலேருந்து தரை வரைக்கும் கொட்டி நிரப்பிடுவாங்க. யோசிச்சுப் பாருங்க, ஆயிரக்கணக்கான வருஷமா உப்பு மணலையும் நல்ல மணலையும் ஒரு களி அடுக்கு பிரிச்சு வெச்சிருந்துச்சு, அதை ஓட்டை போட்டு சுத்தி கூழாங்கல்லையும் நிரப்பினா உப்புக்கு நாமளே போட்டுக் குடுத்த ரோடு அது. மோட்டார் போட்டதும் மேல இருக்கிற உப்பு அந்த வழியா இறங்கி ஃபில்டருக்கு வந்துடும். புதுசா போட்ட போர் ஆறு மாசம் நல்லா வந்துட்டு அப்புறம் உப்பாயிடுச்சுன்னு சொல்ற கதைகள்ல நிறைய இதுதான். கூழாங்கல் ஃபில்டருக்கு மேல 10, 15 அடி வரைக்கும் போதும். அதுக்கு மேல களி அடுக்கு வர்ற ஆழத்துல பெண்டோனைட் (தண்ணி பட்டா ஊதிப் பெருகுற களி) இல்லேன்னா நல்ல களியை உருண்டை பிடிச்சு காய வெச்சுப் போட்டு நல்லா அடைக்கணும், உப்பு மணல் இருந்தா அதுக்கு மேலயும் கீழயும் அடைப்பு வேணும், தரையிலேருந்து கீழ 30, 40 அடி வரைக்கும் சிமெண்ட் பால் விட்டு அடைச்சுட்டா செப்டிக் தண்ணிக்கும் வழி மூடிடும். இதை வேலை பேசுறப்பவே தனி ஐட்டமா பேசி எழுதி வாங்குங்க, பின்னாடி கேட்டா "அதெல்லாம் தேவையில்ல சார், மண்ணே சரிஞ்சு மூடிக்கும்"ம்பாங்க. மண்ணு எங்க சரியும், எங்க சரியாதுன்னு யாருக்குத் தெரியும்.

பைப் விஷயத்துல, உப்பு இருக்கிற இடத்துல இரும்பு பைப் (கேசிங்) வேண்டாம், சில வருஷத்துல அரிச்சு ஓட்டை விழுந்து அந்த வழியா உப்பு உள்ள வரும். போர்வெல்லுக்குன்னே இருக்கிற பிவிசி, ஐஎஸ் 12818ங்கிற இந்திய தர முத்திரை பாத்து வாங்குங்க, சாதாரண டிரைனேஜ் பைப்பை ஆக்ஸா பிளேடால கீறி ஃபில்டர்னு இறக்குறவங்க இன்னும் இருக்காங்க. ஜாயிண்ட் எல்லாம் திருகு வெச்சதா இருந்தா நல்லது. ஃபில்டர் மேல நைலான் வலை சுத்துறது நம்ம பக்கத்துப் பழக்கம், மணல் வராதுன்னு. ஆரம்பத்துல வராது, அப்புறம் குருத்து மணலும் இரும்புக் கறையும் அடைச்சு தண்ணியும் வராது. கூழாங்கல் அளவு உங்க மணலோட நடுத்தர அளவைப் போல 4லேருந்து 6 மடங்கு இருந்தா வலையே தேவைப்படாது, ரொம்பப் பொடி மணலா இருந்து வேற வழியில்லேன்னா போட்டுக்கட்டும். இறக்கி முடிச்சதும் கம்ப்ரசர் வெச்சு நல்லா ஃப்ளஷ் பண்ணணும், சேறு போய் தண்ணி கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும், ரெண்டு மணி நேரத்துல முடிக்கப் பாப்பாங்க, விடாதீங்க.

கடைசி காசைக் குடுக்கிறதுக்கு முன்னாடி மோட்டாரைப் போட்டு 3, 4 மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்க. ஆரம்பத்துல, 1 மணி நேரம் கழிச்சு, முடிவுல டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கிற அளவு) பாருங்க. ஒரே அளவுல நின்னா சரி. ஓட ஓட ஏறிக்கிட்டே போனா உப்பு எங்கேருந்தோ இழுபடுது, சின்ன மோட்டார் போட்டு விட்டு விட்டு இறைக்கிறதுதான் வழி. காலையில போட்டதும் உப்பா வந்து கொஞ்ச நேரத்துல சரியாச்சுன்னா பெரும்பாலும் பைப் ஜாயிண்ட்ல கசியுது. வீட்டுக்கு 1 எச்பி தாராளம், மோட்டாரை ஃபில்டருக்கு நேரா வைக்காம மேல மூடுன பைப்புல நிறுத்துங்க. டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா ரொம்ப நல்லது, வேற தண்ணி இல்லேன்னா 2000 வரைக்கும் இந்திய தரத்துல அனுமதி இருக்கு. ஆனா மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், நைட்ரேட்டும் கிருமியும் அதுல தெரியாது, குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல ஒரு தடவை குடுத்துப் பாத்துடுங்க, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருந்தா கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அதைக் குடுக்கவே கூடாது. தண்ணி பிடிச்சப்ப தெளிவா இருந்து அரை மணியில மஞ்சளாச்சுன்னா இரும்பு, பயப்பட வேண்டாம், மேலேருந்து கொட்ட விட்டு மணல் ஃபில்டர்ல வடிச்சா போயிடும்.

வீடு கட்டப் போறீங்கங்கிறதால இதையும் சேத்துக்கோங்க, நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஐஎஸ் 456 சொல்லுது. எதிர்த்த வீட்டு மாதிரி தண்ணி வந்தா கொத்தனார் "குடிக்கத்தான் ஆகாது, கட்டடத்துக்கு என்ன"ம்பார், கேக்காதீங்க, உள்ள கம்பி துருப்பிடிச்சு பத்து பதினஞ்சு வருஷத்துல சிலாப் பொரிஞ்சு விழும். நம்ம கடலோர ஊர்கள்ல சன்ஷேடு விழுந்து கிடக்கிற வீடுகளைப் பாத்திருப்பீங்க.

எல்லாம் செஞ்சும் உப்பு மணல்தான்னு லாகிங் சொன்னா அங்கயே நிறுத்திடுங்க, இன்னும் 100 அடி போய்ப் பாப்போம்னு ஆசைப்படாதீங்க. சோதனை ஓட்டையை அடியிலேருந்து களியும் சிமெண்டும் போட்டு முழுசா மூடணும், மேல மூடி மட்டும் போட்டுட்டுப் போனா பக்கத்து வீட்டு 70 அடி மணலுக்கும் உப்பு போய்ச் சேரும், அவர் உங்களை மன்னிக்க மாட்டார். திறந்து கிடக்கிற போர் குழந்தைக்கு என்ன செய்யும்னு 2019ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில தமிழ்நாடே பாத்துச்சு. அந்த நிலைமையில மழைத் தண்ணியை யோசிங்க: 1000 சதுர அடி மாடியில 1000 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 93,000 லிட்டர், சிந்துனது போக 70,000 நிக்கும். குடிக்கவும் சமைக்கவும் 5 பேருக்கு நாளைக்கு 50 லிட்டர்னா வருஷத்துக்கு 18,250 லிட்டர்தான், ஒரு 15,000 லிட்டர் தொட்டியை அஸ்திவாரத்தோடயே கட்டிட்டா ஐப்பசி கார்த்திகை மழை கோடை வரைக்கும் வரும். சட்டத்துக்காக மூலையில தோண்டுற மழைநீர்க் குழி உங்க களி மண்ணுல இறங்காது, கொசுதான் வளரும்.

எப்ப போடுறதுன்னா சித்திரை வைகாசியில, மேட்டூர் அணையை வழக்கமா திறக்கிற ஜூன் 12 வந்து வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்கு முன்னாடி. அப்ப மட்டம் அடியில கிடக்கும், அப்ப வர்ற தண்ணிதான் வருஷம் பூரா வரும்னு நம்பலாம், வண்டி வயல் வழியா வர்றதுக்கும் தரை காஞ்சு இருக்கும். ஊராட்சியில முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், 2010ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி 15 நாளைக்கு முன்னாடி, பதிவு பண்ணுன போர் வண்டிதானான்னும் பாத்துக்கோங்க. இடம் ஈசானிய மூலைன்னு வீட்டுல சொல்வாங்க, எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல, அந்த மூலைக்கு மதில் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருக்கான்னு மட்டும் எட்டிப் பாத்துடுங்க. இருந்தா மூலையை மாத்துங்க, வாஸ்துக்காரர் கிட்ட நான் பேசுறேன். காம்பவுண்டு சுவர் எழுப்புறதுக்கு முன்னாடியே போரை முடிச்சிடுங்க, பின்னாடி ரோட்டரி வண்டி உள்ள வர வழி இல்லாம சுவத்தை இடிச்சவங்க உங்க பக்கத்துலயே இருக்காங்க.